ஏழாம் கற்பனை

பல் எடுப்பாக இருந்ததால்தான் பல்லக்கா என்று பெயர் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்குப் பல் வரிசை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள், அதனால் வந்த பெயர். குறடு எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு வைப்பது அவள் வேலை. சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. அது சுவிசேஷம் சொல்வது.

உலகத்தில் எத்தனையோ பேர் சுவிசேஷம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிறவன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுச் சொன்னவள் இவள் ஒருத்திதான். கடைவாய்ப் பல் பிடுங்க வந்த லாரி டிரைவர் ஒருவருக்கு ஊசி போட்டதும் ஆதியாகமத்தில் ஆரம்பித்தாளாம்; பல் கையில் வந்தபோது வெளிப்படுத்தின விசேஷமே முடிந்திருந்ததாம். அந்த மனிதர் வலியே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குக் காரணம் ஊசியா வேதமா என்று டாக்டருக்கும் அவளுக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

ஆனால் பல் ஆறியதும் ஆளும் மறைந்துவிடும். அவள் கூட்டிவந்து நிலைத்தவர் என்று சபையில் ஒருவரும் கிடையாது. அவளுடைய லுத்தரன் சபையோ பழைய சபை. தாத்தா தேய்த்த பெஞ்சில் பேரன் உட்காருவான். எல்லோரும் சிறுவயதில் ஞானோபதேசம் என்ற வேதப் பாடத்தை நெட்டுருப் போட்டு, போதகர் முன்னால் ஒப்புவித்து, சபையின் முழு அங்கத்தினராகத் திடப்படுத்தல் பெற்றவர்கள். பத்துக் கட்டளைகளை அங்கே கற்பனைகள் என்றுதான் சொல்வார்கள். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, "நாலாம் கற்பனை?" என்று கேட்டால், கண்ணைத் திறக்காமலே "உன் தகப்பனையும் உன் தாயையும்" என்று ஆரம்பித்து, அர்த்தமும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். இப்படிப்பட்ட இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை.

அப்படி ஒருவர் வந்தார். பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவர். டாக்டரின் மருந்து அலமாரிப் பூட்டைச் சரிசெய்ய வந்தவர், வந்த இடத்தில் சொத்தைப் பல்லையும் காட்டினார். பல்லக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். பஞ்சை எடுத்த பிறகும் மனிதர் எழுந்து போகவில்லை. "மீதியையும் சொல்லுங்கக்கா" என்றார். அடுத்த ஞாயிறு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆலயத்தின் பின்கதவுத் தாழ்ப்பாள் விழாமல் கிடந்ததைத் தானாகவே சரிசெய்து கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் பார்க்கும் பேச்சும் வந்தது. சாட்சியாகப் பக்கத்தில் நிற்கப்போவது பல்லக்காதான். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒருநாள் பல்லுக்கு மேல் உறை போட வந்த பூட்டுக்காரர், டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் கண் கலங்கி அவள் கையைப் பிடித்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இளவயசுல ஒரு வீட்டு அலமாரிக்குச் சாவி செஞ்சு கொடுத்தேன். இன்னொரு சாவி எனக்கும் செஞ்சுக்கிட்டேன். ரெண்டு வளையல் எடுத்தேன். யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது."

"வளையல்?"

"மனசு கேக்கல. ஜன்னல் வழியாத் திரும்பப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தர் பொருளையும் தொட்டதில்ல. எனக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுப்பாங்களா?"

"உங்களுக்கில்லாம வேற யாருக்கு, தம்பி? வாயத் திறந்து சொல்லிட்டீங்கல்ல. அதோட போச்சு."

"வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் என்னை வாசப்படி ஏற விடமாட்டாங்கக்கா. என் தொழிலே நம்பிக்கை."

"இந்த வாயிலேர்ந்து போகாது" என்றாள் பல்லக்கா. சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள்.

அந்த வாயைக் கெடுத்தது பெருமை. ஆலயத்தின் பக்கத்து அறையில் நற்கருணைப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்கன்காரம்மா கேட்டாள். ஆர்கன் வாசிக்கும் இந்த அம்மாள் வேறொரு சபையில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். நல்ல மனசு, ஓயாத விரல்கள், அதைவிட ஓயாத நாக்கு.

"ஏன்கா, அந்தப் பூட்டுக்காரர் ஆளு எப்படி? மூஞ்சில ஏதோ பாரம் தெரியுதே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர் ஆத்துமாவின் அந்தரங்கம் தன் முந்தானையில் முடிந்திருக்கிறது என்பதைக் கொஞ்சமாவது காட்டிக்கொள்ள வேண்டாமா?

"தங்கமான மனுஷன். ஏழாம் கற்பனையில மட்டும் ஒருதடவை சறுக்கிட்டார். இப்ப மனந்திரும்பியாச்சு. ஜெபத்துல வச்சுக்க."

பாவத்தின் பேர் சொல்லவில்லை, பொருள் சொல்லவில்லை, வெறும் எண்ணைத்தானே சொன்னோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லுத்தரன்காரர்களுக்கு ஏழாம் கற்பனை, களவு செய்யாதிருப்பாயாக. ஆர்கன்காரம்மா பிறந்த சபையில் கட்டளைகளை வேறு மாதிரி பிரித்து எண்ணுவார்கள். அங்கே களவு எட்டாவது. ஏழாவது, விபசாரம். மீதியை அந்த அம்மாளின் சொந்தக் கற்பனை பார்த்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அவள் பூட்டுக்காரரின் மனைவியை வாசலில் கட்டிக்கொண்டு, "பொறுத்துக்கம்மா. ஆம்பளைங்க சறுக்குறதுதான். மனந்திரும்பிட்டார்னு பல்லக்காவே சொன்னாங்க. அந்தப் பொண்ணை நினைச்சு நீ மனசை வருத்திக்காத" என்றாள்.

மறுநாள் காலை கிளினிக் திறக்குமுன்பே மனைவி வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. பல்வலியில்லை.

"யாருக்கா அவ?"

"எவம்மா?"

"நடிக்காதீங்க. உங்ககிட்டதானே சொல்லியிருக்கார்."

வாசலில் ஆர்கன்காரம்மா சொன்னதை அவள் அப்படியே ஒப்புவித்ததும் பல்லக்காவுக்குச் சுரீரென்று உறைத்தது. "ஐயோ, பொம்பள சமாச்சாரமே இல்லம்மா! சத்தியமா இல்ல!"

"அப்ப வேற என்ன சொன்னார்?"

எண்ணைச் சொன்னால் தீர்ந்தது. இவளிடம் ஞானோபதேசப் புத்தகம் இருக்கிறது; வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தால் களவு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆர்கன்காரம்மாவிடம் போய்த் திருத்தினாலும் அதே கதி. வேறு எண்ணாக மாற்றிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். ஐந்து என்றால் கொலை. நான்கு என்றால் பெற்றவளை அடித்தவன். மூன்று என்றால் ஓய்வுநாளில் கடை திறந்தவன். அதுதான் மலிவு, ஆனால் அதற்காகவா ஒருவன் பல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விடுவான்?

"அதை நான் சொல்லக் கூடாதும்மா" என்றாள்.

"புரிஞ்சுது" என்றாள் மனைவி. மத்தியானம் துணிமணியோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூட்டுக்காரரைத் தேடிப் போனாள் பல்லக்கா. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. மூன்று பக்கமும் வெட்டாத சாவிகள் தொங்கும். அவளைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்தார். யாரோ எதையோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அந்த எண் தன் வாயிலிருந்து போனதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நானே போய்ப் பேசிக்கிறேன்கா. ரெண்டு நாள் போகட்டும், கோபம் அடங்கட்டும். நீங்க தயவுசெஞ்சு யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதீங்க."

கேட்டாளா? வாயால் கெட்டதை வாயாலேயே சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும், "வேறு ஏதாவது உண்டா?" என்று போதகர் கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பல்லக்கா எழுந்தாள். பூட்டுக்காரர் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பூட்டுக்காரத் தம்பியைப் பத்தி ஒரு பேச்சு ஓடுது. அது பொய். பொம்பள விஷயம் எதுவும் கிடையாது. தப்பு என் வாய் மேல. எல்லாரும் மன்னிக்கணும்."

அதோடு உட்கார்ந்துவிட்டாள். அதோடு முடிந்தும் போயிருக்கும். ஆனால் ஆர்கன் ஸ்டூலில் இருந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. சபை நடுவே தன்னைப் பொய்க்காரி ஆக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அப்ப நான் கட்டிவிட்டேனாக்கா? 'ஏழாம் கற்பனையில சறுக்கிட்டார்'னு உங்க வாயாலதானே சொன்னீங்க? இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

பெஞ்சுகளில் வயதானவர்களின் உதடுகள் அசைந்தன. ஐந்து, ஆறு, ஏழு. எல்லோரும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். கடைசிப் பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருத்தி, பக்கத்தில் கிடந்த தன் கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். எழுந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். போதகர் அவசர அவசரமாக, "எல்லோரும் எழுந்து நிற்போம்" என்றார். ஆர்கன்காரம்மாவுக்கு யாரோ காதில் ஏதோ சொன்னார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குக் கடைசிப் பாட்டு ஆர்கன் இல்லாமல்தான் நடந்தது.

அந்த வாரம் சபையார் தெருக்களில் இன்னொரு பூட்டுக்காரருக்கு ஓயாத வேலை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "பழைய பூட்டு, எப்படியும் மாத்தணும்னுதான் இருந்தோம்" என்றார்கள். ஆலயத்தின் பின்கதவுக்கும் புதுப் பூட்டு வந்தது.

வாரக் கடைசியில் பல்லக்கா அந்த மாடிப்படிக் கடைக்குப் போனாள். ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாம்மா?" என்றாள் பல்லக்கா, குரல் உடைந்து.

"வந்துட்டேன். சர்ச்ல நடந்தது எங்கக்கா வீடு வரைக்கும் வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் இவரே வந்து எல்லாத்தையும் சொன்னார். அதுக்காக நீங்க ஒண்ணும் சந்தோஷப்பட வேண்டாம். பொம்பளைன்னா சண்டை போட்டு அழுதுட்டு விட்டிருப்பேன். இப்ப இவர் கையில சாவியப் பாக்குறப்பல்லாம் எனக்கே ஒரு நிமிஷம் திக்குங்குது."

பூட்டுக்காரர் தலை நிமிரவில்லை.

"தம்பி, நான் வெறும் நம்பரத்தானே..."

"பூட்டுக்கு நம்பர் தெரிஞ்சா போதும்கா. பூட்டப் பாக்காமலே சாவி வெட்டிடலாம்."

அவள் சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள், சொல்லவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாதீங்க. முக்கியமா, ஜெபத்துல வச்சுக்கங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அதைக் கேட்டு மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டாள்.

"ஞானஸ்நானம்?" என்று பல்லக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேற ஊருக்குப் போயிடலாம்னார்" என்றாள் மனைவி. "நான்தான் மாட்டேன்னேன். ஓடிப்போனா நிஜமாவே திருடன்னு ஆயிடும். அந்த ஜனங்க முன்னாடிதான் தண்ணி ஊத்திக்கணும். பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு. ஆனா பக்கத்துல நீங்க நிக்க வேண்டாம்."

பல்லக்கா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "வேற யாரு?"

"ஆர்கன்காரம்மா. வீடு தேடி வந்து அழுதாங்க."

"அவளா? அவதானே..."

"அவங்க தப்பாக் கேட்டாங்க. நீங்க தெரிஞ்சே சொன்னீங்க."

வாடிக்கையாளர் யாருமில்லாத கடையில், பூட்டுக்காரர் ஏற்கெனவே தேய்த்து முடித்த சாவியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரலாமா அன்னிக்கு?" என்று கேட்டாள் பல்லக்கா.

மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சர்ச் உங்களுதும்தானே. வாங்க. பின்னாடி உக்காந்துக்கங்க."