ஒன்பதாவது வரிசையின் குரல்

மரியபுஷ்பத்துக்கு ஆண்டவர் கொடுத்த சொத்து அவள் தொண்டைதான். கிளியூரில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. ஆனால் கோயிலில் பாட்டு ஆரம்பித்து அவள் குரல் எழும்பினால், பின்பெஞ்சில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "பூசைக்கு மணியே அடிக்க வேண்டாம், புஷ்பத்த வாசல்ல நிறுத்துனாப் போதும்" என்று உபதேசியார் கேலி செய்வார். கல்யாணமாகி மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டுக்கு வந்தபோது அந்தத் தொண்டையும் கூடவே வந்தது. அங்கே அது பல பேர் உயிரைக் காத்தது என்று சொன்னால் மிகையில்லை.

மார்கழி, தை மாதங்களில் மேல்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், பக்கத்து வரிசையில் பழம் பறிக்கிறவளின் முக்காடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. காட்டின் ஓரத்தில் கிடுகிடு பள்ளம். ஒரு வருஷம் ஒருத்தி வழி தப்பி அதில் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தாள். அதற்கடுத்த வருஷம் மரியபுஷ்பம் மேஸ்திரியானாள். ஆனதும் முதல் வேலையாக ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள்.

அவளையும் சேர்த்துப் பழம் பறிக்கிற செட்டில் பதிமூன்று பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை. அரைமணிக்கு ஒரு தடவை முதல் வரிசையிலிருந்து அவள், "மாதாவே!" என்று குரல் கொடுப்பாள். அது கேட்டதும் இரண்டாவது வரிசைக்காரி குரல் கொடுக்க வேண்டும். பிறகு மூன்றாவது, நான்காவது என்று போகும். கிறிஸ்தவப் பெண்கள் மாதாவைக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மலையுச்சியில் கோயில் கொண்டிருக்கிற சாமியை, "சேர்வராயா!" என்று கூப்பிடுவார்கள். பதிமூன்றாவது குரல் வந்துவிட்டால் எல்லோரும் பத்திரம். நடுவில் ஒன்று வராவிட்டால் அத்தனை பேரும் கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தேடப் போக வேண்டும். ஒன்பது வருஷமாக அவள் செட்டில் ஒருத்திக்கும் கால்கூடச் சுளுக்கியதில்லை.

ஒன்பதாவது வரிசை செல்வியுடையது. அவள் புருஷன் பழனிசாமி சில்வர் ஓக் மரமேறிக் கிளை கழிக்கிறவன். எதிர்ச்சரிவில் மரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருப்பான். இங்கே செல்வி, "சேர்வராயா!" என்றதும் அங்கேயிருந்து, "சொல்லு புள்ள! என்ன வரம் வேணும்?" என்று பதில் வரும். காடே சிரிக்கும். "எனக்கொரு பட்டுச்சீல குடு சாமீ!" என்று வேறு யாராவது கத்துவாள். "உனக்கில்ல, அவளுக்குத்தான்!" என்பான்.

போன ஆவணியில் அவன் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். பதினாறாம் நாள் கழிந்து செல்வி வேலைக்கு வந்தாள். பழம் பறித்தாள், கூடை சுமந்தாள், கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று சொன்னாள். குரல் மட்டும் கொடுக்கவில்லை. அவள் முறை வரும்போது வாய் திறக்கும், சத்தம் வராது. கூப்பிட்டால் எதிர்ச்சரிவிலிருந்து பதில் வராதே என்பதுதான் காரணம் என்று மரியபுஷ்பத்துக்குத் தெரியும். அதனால் அவள் அதட்டவில்லை. பத்தாவது வரிசைக்காரி பாப்பாத்தி தானாகவே செல்விக்கும் சேர்த்து இரண்டு தடவை குரல் கொடுக்க ஆரம்பித்தாள். மரியபுஷ்பம் அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தாள். தான் கொண்டுவந்த பழக்கத்துக்குத் தானே துரோகம் செய்கிறோம் என்று இரவு செபத்தில் மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் தேவசிகாமணிக்குக் காது கூர்மை. பொங்கலுக்கு முந்தின வாரம் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா புஷ்பம், ஒம்பதும் பத்தும் ஒரே தொண்டையா இருக்குதே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கெட்டவனில்லம்மா. ஆனா குரல் குடுக்காத ஆள அந்தப் பள்ளத்துப் பக்கம் விட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லுவேனா? பொங்கல் லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்குப் பாப்பேன். அவ குரல் வரலைன்னா கீழ களத்துக்குத்தான் அனுப்பணும்."

காப்பி காயப்போடுகிற களத்து வேலை மாசியோடு முடிந்துவிடும். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். செல்விக்குத் தாய்வீடு என்று ஒன்றும் கிடையாது. போக வேறு இடம் இல்லை.

பொங்கலுக்கு எஸ்டேட்டில் ஒரு நாள் வேன் கொடுப்பார்கள். வழக்கமாகச் சேலத்துக்குப் போய் ஒரு சினிமா பார்த்துத் திரும்புவார்கள். அந்த வருஷம், 1985-இல், மரியபுஷ்பம் வேன் டிரைவர் ஆறுமுகத்தைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏனுங் தம்பி, ஆளுங்க வாய்விட்டுக் கத்துற எடமா ஒண்ணு சொல்லுங்க."

"கத்தறதுக்கா? ஒகேனக்கல்லுங்க்கா. பரிசல்ல ஏத்தி ஒரு சுத்துச் சுத்துனா ஊமையும் கத்தும்."

அதுதான் அவள் போட்ட திட்டம். ஒரு தடவை பயத்தில் கத்திவிட்டால் அடைத்த தொண்டை திறந்துகொள்ளும். போகிற வழியில் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி மிருகக்காட்சிசாலையையும் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

காணும் பொங்கலன்று விடியும்போதே ஏற்காடு ஒண்டிக்கடையில் வேன் நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவதற்குள் நான்கு பேர் வாந்தியெடுத்தார்கள். மரியபுஷ்பம் நாரத்தம் இலையைக் கசக்கி ஒவ்வொருத்தி மூக்கிலும் வைத்துக்கொண்டே ஜெபமாலையும் சொல்லி முடித்தாள்.

மிருகக்காட்சிசாலையில் ஒரு வேடிக்கை நடந்தது. உள்ளே நுழைந்ததும், யாரும் சொல்லாமலேயே, பதிமூன்று பேரும் காட்டில் நிற்கிற அதே வரிசையில் கம்பிவேலியோரம் நின்றுவிட்டார்கள். வந்திருந்த கூட்டம் மான்களை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தது. "ஏனுங்க, எந்தப் பள்ளிக்கூடமுங்க?" என்று ஒருவர் கேட்டார். "காப்பிப் பள்ளிக்கூடமுங்க, ஒண்ணாங் கிளாசு" என்றாள் பாப்பாத்தி.

முதலைத் தொட்டியில் ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது.

"செத்துப்போச்சாடி?" என்று ஒருத்தி பாப்பாத்தியைக் கேட்டாள்.

"சாவறதா! நம்ம ரைட்டரய்யா மத்தியானச் சோத்துக்கு அப்பறம் ஆபீசுல இப்படித்தான் கெடப்பாரு. கிட்டப் போய்க் கூலியக் கேளு, தெரியும்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்வியின் உதடு லேசாக விரிந்தது. சத்தம் வரவில்லை.

மயில் கூண்டின் முன்னால்தான் அவள் தன் வரிசையை விட்டு நகர்ந்தாள். உள்ளே ஒற்றை ஆண்மயில் கழுத்தை நீட்டி அகவிற்று. சற்று நின்று காது கொடுத்தது. பதில் இல்லை. மறுபடியும் அகவிற்று. இதைப் பார்த்து இந்தப் பிள்ளை இன்னும் உடைந்துபோவாளே என்று மரியபுஷ்பம் பயந்து, செல்வியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா கண்ணு, நேரமாகுது."

"இருங்க்கா" என்றாள் செல்வி. மயில் ஏழு தடவை கூப்பிடுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஒகேனக்கல்லுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். பிறகு மூன்று பரிசல் பேசினார்கள். முதல் பரிசலில் மரியபுஷ்பம், பக்கத்திலேயே செல்வி, அவர்களோடு இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிசைக்காரிகள். இரண்டாவதில் ஐந்து முதல் எட்டு வரை. கடைசிப் பரிசலில் பாப்பாத்தியும் அவளுக்கு அடுத்த மூவரும்.

தண்ணீர் என்றால் மரியபுஷ்பத்துக்கு ஏற்காடு ஏரிதான். அதையும் ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி. பெரிய மூங்கில் கூடை மாதிரி இருந்த பரிசலில் குந்தி உட்கார்ந்ததும்தான், ஆறு தன் இடுப்புக்கு ஒரு சாண் கீழே ஓடுகிறது என்று அவளுக்கு உறைத்தது. விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மிணி, அத்தன கெட்டியாப் புடிச்சீங்கன்னா மூங்கிலு ஒடிஞ்சிரும். அப்பறம் நான் எதுல ஊட்டுக்குப் போறது?" என்றான் பரிசல்காரன் சின்னசாமி.

இரண்டு பக்கமும் பாறைச்சுவர் உயர்ந்து நிற்கிற இடத்துக்கு வந்ததும் அவன் துடுப்பை ஒரு போடு போட்டான். பரிசல் பம்பரமாகச் சுற்றியது. பாறையும் வானமும் ஒன்றாகக் கலந்தன. பெண்கள் கூச்சல் போட்டார்கள். மரியபுஷ்பம் தன் பயத்தையும் மறந்து செல்வியைப் பார்த்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

திட்டம் அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் ரைட்டர் ரோட்டில் நிற்பார்.

அப்போதுதான் மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது பரிசல் பின்னால் தெரிந்தது. மூன்றாவதைக் காணவில்லை. அருவிப் பக்கமிருந்து சாரல் காற்று புகையாக இறங்கி, பாறைத் திருப்பத்தை மறைத்துவிட்டிருந்தது. மேல்காட்டுப் பனிமூட்டம் மாதிரியே இருந்தது. நான்கு பேர். நான்கு வீட்டுப் பெண்கள். அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தவள்.

குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். மாதாவே என்று நெஞ்சுக்குள் ஓடியது, வெளியே வரவில்லை. மறுபடி முயன்றாள். காற்றுத்தான் வந்தது. பூசைமணிக்குப் பதிலாக நிறுத்தலாம் என்று உபதேசியார் சொன்ன தொண்டை, தண்ணீருக்கு நடுவில் பூட்டிக்கொண்டது. விளிம்பிலிருந்து கையை எடுத்துப் பின்பக்கம் காட்டக்கூட முடியவில்லை. கண்ணால் மட்டும் செல்வியைப் பார்த்தாள்.

செல்வி அந்தப் பார்வையையும், ஆளில்லாத அந்தத் திருப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பரிசலில் முழங்காலிட்டு நிமிர்ந்தாள்.

"மாதாவே!"

அது மரியபுஷ்பத்தின் அழைப்பு. முதல் வரிசைக்குரிய அழைப்பு. அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற செல்வி, முதல் ஆளுக்காக மாதாவைக் கூப்பிட்டுவிட்டாள். குரல் கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. ஆனால் பாறையில் போய் மோதியது.

பழக்கம் பெரிய விஷயம். யார் கூப்பிட்டது என்று யோசிக்கிறதற்கு முன்பே இரண்டாவது வரிசைக்காரி குரல் கொடுத்துவிட்டாள். மூன்று, நான்கு. பின்னாலிருந்த பரிசலில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மாதாவும் சேர்வராயனும் மாறி மாறி அந்த ஆற்றின் மேல் போனார்கள்.

அடுத்தது ஒன்பது. எல்லோரும் நிறுத்தினார்கள். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. செல்வியின் கழுத்து நரம்பு புடைப்பதை மரியபுஷ்பம் பார்த்தாள்.

"சேர்வராயா!"

எதிர்ப் பாறை அதை அப்படியே திருப்பிச் சொல்லிற்று. இன்னும் தள்ளியிருந்த பாறை இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லிற்று. செல்வி தலையைச் சாய்த்து அது முடிகிறவரைக்கும் கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

ஆனால் பத்து வரவில்லை.

பாப்பாத்தியின் முறை அது. திருப்பத்துக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. அப்போதுதான் மரியபுஷ்பத்தின் தொண்டை பிய்த்துக்கொண்டு திறந்தது.

"அடியே பாப்பாத்தி! குரலு குடுடீ!"

சின்னசாமி துடுப்பை நழுவவிடப் பார்த்தான். அக்கரைப் பரிசல்காரர்கள்கூடத் திரும்பினார்கள். சாரலுக்குள்ளிருந்து பாப்பாத்தியின் குரல் வந்தது.

"இருக்கேனுங்க்கா! நாந்தானே ஒம்பதுக்கும் சேத்திக் கத்தணும்? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒம்பது தானாக் கேக்குதே! யாரு கூப்புட்டது? பேயா, செல்வியா?"

"நாந்தாண்டி!" என்றாள் செல்வி.

பாப்பாத்தி, "அப்படின்னா என் வேல பாதி கொறஞ்சுதடி மகராசி! சேர்வராயா!" என்று கத்தினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகுதான் அந்தப் பரிசல் திருப்பத்தில் தலைகாட்டியது. நான்கு பேரும் நனைந்த கோழிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங் அம்மிணி, தண்ணிக்கு நொம்பப் பயப்படுவீங்களாட்ட இருக்குது?" என்று சின்னசாமி கேட்டான்.

"தண்ணிக்கென்ன பயம்? வாய மூடிக் கும்பிட்டுட்டிருந்தேன்" என்றாள் மரியபுஷ்பம். பரிசலே குலுங்குகிற மாதிரி செல்வி சிரித்தாள்.

கரையேறியதும் மரியபுஷ்பம் செய்த முதல் காரியம், மணலில் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதுதான். தன் தொண்டையை அடைத்ததற்காகவும் அவள் அன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். தன் திட்டம் சாதிக்காததை அவர் வேறு வழியில் சாதித்தார் என்று கடைசிவரை நம்பினாள். பிறகு வறுத்த மீன் வாங்கி, நல்ல நடுத்துண்டாகப் பார்த்துச் செல்வியின் இலையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் மேல்காட்டில் கனத்த மூட்டம். ரைட்டர் தேவசிகாமணி ரோட்டோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். முதல் வரிசையிலிருந்து, "மாதாவே!" கிளம்பியது. எட்டு வரைக்கும் போயிற்று.

"சேர்வராயா!"

தொண்டை இன்னும் கரகரத்தது. எதிர்ச்சரிவிலிருந்து பதில் ஏதும் வரவில்லை. அந்த வெறுமை நீளாதபடி பாப்பாத்தி உடனே தன் குரலைப் போட்டாள். பதிமூன்றும் முடிந்தன.

"எத்தன, புஷ்பம்?" என்று ரைட்டர் கீழேயிருந்து கேட்டார்.

மூட்டத்துக்குள்ளிருந்து மரியபுஷ்பத்தின் பதில் வந்தது.

"பதிமூணுங்கய்யா. இன்னைக்குப் பதிமூணும் அவங்கவங்க சொந்தத் தொண்டதானுங்க."

ரைட்டர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.