பாக்கலாம் டாக்டர்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த டாக்டரம்மாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'பாக்கலாம் டாக்டர்'. பதினான்கு வருடமாக அதே கதவு, அதே பச்சைத் திரை, அதே பதில். குழந்தையைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லிவிடுவார். கிலோவுக்கு எவ்வளவு மருந்து என்பது நாக்கு நுனியில் நிற்கும். "பிழைச்சிடுமா?" என்று பெற்றவர்கள் கேட்டால் மட்டும் அந்த நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆமாம் என்றால் பொய்யாகிவிடலாம். இல்லை என்று சொல்ல வாய் வராது. "பாக்கலாம்" என்பார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப சம்மதமான்னு கேட்டதுக்கும் பாக்கலாம்னுதான் சொல்லியிருப்பாங்க," என்று மூத்த நர்ஸ் கிண்டலடிப்பார். டாக்டரும் கூடச் சிரிப்பார்.

அன்று மதியம் மூன்றாம் கட்டிலில் மூன்று வயதுப் பையன். ரத்தத்தில் கிருமி பரவி, இரண்டு நாளாக இயந்திரம்தான் அவனுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளே ஓடிய டாக்டரை வாசலில் பையனின் அம்மா மறித்தார்.

"டாக்டரம்மா, என் புள்ளைய..." அதற்குமேல் அழுகை.

எல்லோரும் கேட்கும் கேள்விதானே என்று நினைத்து, "பாக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

அந்த அம்மா கேட்க வந்ததே வேறு. உள்ளே போய் ஒரே ஒரு தடவை பார்க்கலாமா என்றுதான் கேட்க வந்தார். அனுமதி கிடைத்துவிட்டதென்று கண்ணைத் துடைத்தார். செருப்பைக் கழற்றினார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கதவருகே வந்தார்.

"அஞ்சு மணிக்குத்தான் உள்ள விடுவோம்," என்றார் காவலாளி.

"டாக்டரே பாக்கலாம்னு சொன்னாங்கண்ணே."

"எல்லார்கிட்டயும் அதைத்தான்மா சொல்லுவாங்க. போய் உக்காரு."

அவர் உட்காரவில்லை. கழுவிய கை எதிலும் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

நாலு இருபதுக்குப் பையன் போய்விட்டான்.

டாக்டர் வெளியே வந்தார். அந்தக் கைகள் இன்னும் இறங்கவில்லை.

"அப்பவே கழுவிட்டேன் டாக்டரம்மா. நீங்க பாக்கலாம்னு சொன்னீங்க, இவர் விடல. இப்பப் பாக்கலாமா?"

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில், மகள் நாடக உடுப்போடு வந்து முன்னால் நின்றாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல என் நாடகம். வருவியாம்மா?"

"வரமாட்டேன்டா. டூட்டி."

மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

"எப்பவும்போல பாக்கலாம்னே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.