ஓனர் வீட்டு ஃபியூஸ் கட்டை

நேற்று கரண்ட் திரும்பி வந்ததும் மகள் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் கருகல் வாசனை, கொரட்டூர் ஏரிக்கரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த, இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்த வரிசை வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனது.

எங்கள் எல்லோருடைய சுவிட்சும் ஓனர் வீட்டு நடையில் இருந்தது. பொங்கலுக்குக் கோலத்தின் மேல் பல்பு கட்டினாலும், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டாலும், கிறிஸ்துமஸுக்கு அம்மா மூங்கில் குச்சியில் ஒட்டிய நட்சத்திரம் எரிந்தாலும், "மீட்டரு ஓடுது பாரு" என்ற அவர் குரல் வரும், டக்கென்று எல்லாம் இருண்டுபோகும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேக் வெட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

ஒரு ஆடி மாதம் ஓனர் வீட்டில் கூழ் ஊற்றினார்கள். வாசலெங்கும் சீரியல் விளக்கு, காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி, வேன் நிறையச் சொந்தக்காரர்கள். ராத்திரி அவர்கள் எல்லோரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடைக்குள் நுழைந்து, அவர் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஓடிப்போய் ஏரியில் வீசினேன்.

"எவன்டா ஃபியூஸப் புடுங்கினது? நல்ல நாளும் அதுவுமா இருட்டுல ஒக்காந்துகினு கீறோம்!" என்று ஓனர் அலறினார்.

மற்ற குடித்தனக்காரர்களோடு வாசலில் நின்றிருந்த அம்மா, பக்கத்தில் மூச்சிரைக்க வந்து நின்ற என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஓனரே, பண்டிகன்னா இங்க கரண்ட் போறது வழக்கந்தானே?" என்று அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

இருட்டில் யார் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும்தான் சிரித்தோம்.