ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சொன்ன வரிகள்

"இன்னா வெர்ஷன்?" எந்தக் கோளாறைச் சொன்னாலும் அக்கா முதலில் கேட்பது இதைத்தான். தி.நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அவர் எனக்கு மூத்தவர். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். கரையோர வீடுகளை இடித்து ஊருக்கு வெளியே குடியமர்த்திய பிறகு இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தார். சிறுநீரகம் பழுதான அம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு வரும் நாட்களும் உண்டு.

நாங்கள் செய்த மென்பொருளும் டயாலிசிஸ் மையங்களுக்கானதுதான். யாருக்கு எப்போது முறை, என்ன மருந்து, உடலிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளைக் கோத்துத்தான் அதைக் கட்டியிருந்தோம். ஒரே லைப்ரரியின் பழைய வெர்ஷனை ஒரு பகுதி கேட்கும். புதியதை இன்னொரு பகுதி கேட்கும். பழையதைக் கேட்டாலும் புதியதையே கொடு என்று கான்ஃபிக் ஃபைல் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால்தான் மென்பொருள் திறக்கும். இப்போது பெரும்பாலும் கருவிகளே இதைப் பார்த்துக்கொள்கின்றன. அன்று அந்த வரிகளை எழுதிப் பராமரித்தவர் அக்கா.

அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கூடி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அவர் விடுப்பில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் ஒரு அப்டேட்டை அனுப்பிவிட்டார். அதோடு போன புதிய கான்ஃபிக் ஃபைல், அக்காவின் வரிகளை அழித்துவிட்டது. நகல் யாரிடமும் இல்லை. மறுநாள் காலை அடையாறில் ஒரு மையத்தில் மென்பொருள் திறக்கவே இல்லை. நோயாளிகள் வெளியே காத்திருந்தார்கள். மேனேஜர் அக்காவைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்தார்.

"வராந்தாலதான் கீறேன். அடிச்சிக்கினே வா" என்று வரி வரியாகச் சொன்னார். "நம்பர்ல புள்ளிய வுட்டுறாத நைனா." பாதியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இரு, வச்சிராத" என்றார். செருப்புச் சத்தம் தேய்ந்தது. தூரத்தில் ஒரு தள்ளுவண்டி உருண்டது. ஒரு பெண் அழுதாள். ஆஸ்பத்திரி என்றால் இதெல்லாம் கேட்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். "எங்க வுட்டோம்?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மிச்சத்தையும் சொல்லி முடித்தார். மென்பொருள் திறந்தது.

"வெளிய நிக்கிறவங்கள உள்ள இட்டுக்கச் சொல்லு" என்று போனை வைத்தார்.

மதியம்தான் தகவல் வந்தது. நடுவில் அவர் போனது அம்மாவின் கண்களை மூடுவதற்கு.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்தவரிடம், "போனை வச்சிருக்கலாமேக்கா" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"மொற தவறுனா கால் வீங்கிக்கும். மூச்சு வாங்கிக்கினு, படுக்க முடியாம விடிய விடிய குந்திக்கினே கெடக்கும் எங்கம்மா. அங்க வெளிய காத்துக்கினு இருந்தவங்களும் அப்படித்தான? எங்கம்மாவுக்கு இனிமே இன்னா அவசரம்?"

அவர் அழுது நான் பார்க்கவே இல்லை, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்வரை. ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அம்மாவுக்காக இத்தனை வருடம் சமைத்த கை, அன்றும் குழம்பில் உப்புப் போட்டிருக்கவில்லை.