பெரிய பாதி

அந்தப் படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒரு மேசை, ஒரு கிண்ணம், தட்டில் சின்ன ரொட்டித் துண்டு. தாடிக்காரர் ஒருவர் கோர்த்த கைகளை நெற்றிக்கு முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கீழே ‘நன்றி’ என்று அச்சடித்திருப்பார்கள். பல் டாக்டரின் முன்னறையில், மளிகைக்கடைக் கல்லாவுக்கு மேலே, எங்கே போனாலும் அந்த மனிதர் இருப்பார். “இத்துனூண்டு ரொட்டிக்கே கடவுளுக்கு எப்படி நன்றி சொல்றாரு பாரு” என்று பெற்றவர்கள் விரலை நீட்டுவார்கள். தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒருத்திக்கு மட்டும் தொண்டையில் சோறு இறங்காது. அவளை ஸ்டூடியோவில் எல்லோரும் ‘டச்சிங்’ என்று கூப்பிட்டார்கள். நெகட்டிவுக்கு டச்சிங் செய்வது அவள் வேலை. அதுவே பேராகவும் ஒட்டிக்கொண்டது. சாய்வுப் பலகையில் நெகட்டிவை மாட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, கூர்சீவிய பென்சிலால் முகத்துச் சுருக்கங்களை நிரப்புவாள். வேண்டாதவற்றை நுனிக்கத்தியால் சுரண்டி எடுப்பாள். அவள் பென்சிலால் கூடிவந்த கல்யாணங்கள் ஏராளம். பெண் பார்க்கப் போன இடத்தில் மருவைப் பார்த்துத் திகைத்த மாப்பிள்ளைகள் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் திரும்பியிருக்கிறார்கள்.

பென்சில் வேலையில் பிசகினால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். கத்தி வேலை அப்படியல்ல. சுரண்டியது சுரண்டியதுதான். படத்தில் வெள்ளையாக விழ வேண்டியது நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பைச் சுரண்டிவிட்டால், படத்தில் அந்த இடம் இருட்டோடு இருட்டாகிவிடும். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்ப வராது. அவள் கை அவ்வளவு சுத்தமான கை. அதில் அவளுக்குக் கர்வம்கூட உண்டு.

ஒரு நாள் குடை ரிப்பேர்காரர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைக் குடைகள் இரண்டுக்குக் கம்பி போயிருந்தது. வேலை முடிந்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, படம் எடுக்கும் மேசையிலேயே சாப்பிட உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொன்றாய்ப் பரிமாறினார். பக்கத்தில் ஆள் யாருமில்லை. கைகளைக் கோர்த்துத் தலை குனிந்து உட்கார்ந்தார்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார். மனிதருக்குக் கண் பொல்லாத கண். “பெரியவரே, அப்படியே இருங்க, அசையாதீங்க” என்று கேமராவைத் திருப்பினார்.

உள்ளே திரைக்குப் பின்னால் டச்சிங் அம்மாவுக்குத் தலைக்குமேல் வேலை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சற்று நேரத்தில் திரையை விலக்கி ஒரு கை நீண்டது. “சாப்பிடலையாம்மா? இந்தா, இதச் சாப்பிடு.” குடைக்காரர் கை. அவள் நெகட்டிவிலிருந்து தலையைத் தூக்காமலே வாங்கினாள். கனமான துண்டு. மென்றுகொண்டே பென்சிலைச் சீவினாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

மூன்றாம் நாள் அந்த நெகட்டிவ் அவள் பலகைக்கு வந்தது.

“இந்த ரெண்டாவது தட்ட எடுத்துடும்மா,” என்றார் முதலாளி. “பாக்குறவன் இன்னொரு ஆள் எங்கன்னு தேடுவான். தனி ஆளு, தனித் தட்டு. அப்பத்தான் மனசுல நிக்கும்.”

எடுத்தாள். தட்டை எடுத்தாள், அதிலிருந்த ரொட்டியை எடுத்தாள். விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. படத்தில் அது மேசைப் பலகையில் மெல்லிய வளைந்த விரிசலாக விழுந்தது. முதலாளிக்கே தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

தெரிந்ததுதான் வினை. படம் ஊர் ஊராகப் பரவியது. போகிற இடமெல்லாம் அந்த விரிசல் அவளுக்கு முன்னால் போய் நின்றது. வங்கியில் வரிசையில் நிற்கும்போது எதிர்ச் சுவரில். பேருந்து நிலையத்தில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு மேலே. வருஷம் ஏற ஏற அவளுக்கு விரிசல் மட்டுமல்ல, தட்டே தெரிய ஆரம்பித்தது. வெள்ளையாக, வட்டமாக, யாருக்கோ காத்துக்கொண்டு. மகள் வீட்டுச் சாப்பாட்டு அறையிலும் மாட்டியிருந்தார்கள். அங்கே போனால் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அப்போதும் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பயமாக இருந்தது அவளுக்கு. அந்த ரொட்டியைத் தின்ற வாயும் தட்டைச் சுரண்டிய கையும் ஒரே ஆளுடையவை. அது யாருக்கு வைத்த ரொட்டி?

பதில் இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு பிற்பகலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது. முதலாளி காலமாகி, ஸ்டூடியோ மகன் கைக்குப் போயிருந்தது. பழைய விஷயமென்றால் டச்சிங் அம்மாவைக் கேளுங்கள் என்று மகன் அனுப்பியிருந்தான். குடைக்காரருக்குத் தாடி முழுக்க நரைத்து, இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது. கையில் அந்தப் படம், சட்டம் போட்டது.

“இது நான்தான்னு சொல்லிக் கொடுத்தாங்கம்மா. இந்தப் படம் பரவுறதுக்குள்ளயே எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, இப்ப வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியுது. எங்க அக்காவோட தட்டு எந்தப் பக்கம் இருக்கு? என் விரலப் பிடிச்சுக் காட்டு.”

அவள் படத்தை வாங்கி மேசையில் வைத்தாள். “அக்கா தட்டா?”

“பஞ்சத்துல எங்க அக்கா ரொட்டியப் பிட்டுப் பெரிய பாதிய எனக்குக் கொடுப்பா. மிச்சத்த நாளைக்குன்னு எடுத்து வைப்பா. நீ சாப்பிடலையாக்கான்னா, அப்பவே சாப்பிட்டேன்டாம்பா. எங்கயும் சாப்பிடலன்னு அவ போனப்புறம்தான் தெரிஞ்சுது. அவளுக்குப் பத்து வயசு, எனக்கு ஆறு. அன்னையிலிருந்து பெரிய பாதி அவளுக்குத்தான். அவளக் கும்பிட்டுட்டு, அந்தப் பங்கப் பசிச்ச யாருக்காவது கொடுத்துடுவேன். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாதும்மா. முதலாளிகிட்டக் கேட்டேன், தட்டும் படத்துல விழுதான்னு. விழுதுன்னாரு.”

சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. விரலைப் பிடித்து வெறும் மேசையின்மேல் வைத்தால் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார். அவள் அவர் விரலைப் பிடித்தாள். விரிசல் இருந்த இடத்தில் வைத்தாள். அவர் படத்துக் கண்ணாடியின்மேல் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். சரியாக அவள் கத்தி போன வழியிலேயே போனது அந்த விரல்.

அவளால் முடியவில்லை.

“இல்லைய்யா,” என்றாள். “அங்க ஒண்ணும் இல்ல. நான்தான் சுரண்டி எடுத்தேன். அன்னைக்கு ரொட்டியத் தின்னதும் நான்தான்.”

அவர் விரலை எடுக்கவில்லை. அப்புறம் தனக்குத்தானே கேட்பதுபோல், “அப்ப இத்தன வீட்லயும் அவ இல்லையா?” என்றார்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே சட்டத்தைப் பிரித்தாள். பழைய பெட்டியிலிருந்து மெல்லிய தூரிகையையும் வெள்ளைச் சாயத்தையும் எடுத்தாள். நெகட்டிவில் போனது போனதுதான். இந்த ஒரு காகிதத்திலாவது வரைய முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டை வரைந்தாள், அதில் ரொட்டியை வரைந்தாள். அளவு கேட்க வேண்டியிருக்கவில்லை. கையில் வாங்கிய கனம் நினைவிருந்தது. முடித்துவிட்டு அவர் விரலை மறுபடி அங்கே வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

“இருக்காளா?”

“இருக்காங்கய்யா.”

அவர் விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொள்ளாமல் எழுந்தார். படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து தகரத் தட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“எனக்கு இனிமே கண்ணும் கிடையாது, ரொம்ப நாளும் கிடையாது. நீ எடுத்த தட்டு. நீயே வைம்மா.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை.

மறுநாள் மதியம் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தகரத் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். நல்ல பசி. ரொட்டியைப் பிட்டாள். அவளை அறியாமலே கை சின்னத் துண்டைத் தகரத் தட்டில் வைத்தது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மாற்றி வைத்தாள்.