மைனஸ் இருநூற்று இருபது

அனுஷியா மஹய்யாவயில் பிறந்தவள். அப்பா மாநகர சபைத் தொழிலாளி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், மாடுகளைச் சினைப்படுத்துவதற்காகக் காளைகளின் விந்தை உறைய வைத்துப் பாதுகாக்கும் தனியார் நிலையமொன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பதினொரு வருடமாகக் காலையும் மாலையும் தாங்கியின் வெப்பநிலையைக் குறித்து வந்தாள். தாங்கி நிறையத் திரவ நைதரசன். தாங்கி இருந்த அறைக்கு வெளியே சுவரில் இருந்த மானி மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு அக்கம்பக்கத்திலேயே நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மானி புதிதாக இருந்தது. பழையது பழுதாகிவிட்டதால் முதல் நாள் மாலை அவள் போன பிறகு மாற்றியிருந்தார்கள். அதில் மைனஸ் இருநூற்று இருபது என்றிருந்தது.

"குளிர் இன்னம் கூடித்தானே ஈக்கி. நல்லம் தானே?" என்றார் முகாமையாளர் நஸீப்.

அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் மனது கேட்கவில்லை. வெளியே அடைமழை. சாரல் அடிக்கிறதென்று தாங்கி அறையின் ஒரே ஜன்னலுக்கும் நேற்றுத்தான் பலகை அடித்திருந்தார்கள்.

நைதரசன் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் கொதிக்கும். கொதித்துக்கொண்டிருக்கும் ஒன்று அதைவிடக் குளிராது. அப்படியானால் இந்த எண் செல்சியஸ் இல்லை. கொப்பியின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். முப்பத்திரண்டைக் கழித்தாள்: மைனஸ் இருநூற்று ஐம்பத்திரண்டு. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தாள். மைனஸ் நூற்று நாற்பது.

புது மானி பரனைட்டில் காட்டிக்கொண்டிருந்தது. தாங்கியில் திரவம் ஏறக்குறைய இல்லை. எங்கோ கசிந்து, இரவோடிரவாக ஆவியாகியிருக்கிறது.

அவ்வளவு ஆவியும் எங்கே போனது? மூடிய அறை. நிறமில்லை, மணமில்லை. உள்ளே மூச்சுவிடக் காற்று மிஞ்சியிருக்காது.

"சேர், வீரையாண்ணே எங்க?"

"தாங்கியில மட்டம் பாக்க உள்ளுக்குப் போனாரே, இப்பத்தான்."

ஓடினாள். கதவைத் திறந்தபோது கணுக்காலில் குளிர் ஏறியது. நாவலப்பிட்டியிலிருந்து வந்து நிலையத்திலேயே தங்கி வேலை செய்த வீரையா, அளவுகோலோடு குப்புறக் கிடந்தார். ஒரு சப்பாத்துக் கால் நிலைப்படியிலிருந்து ஒரு முழம் தள்ளி.

நஸீப் உள்ளே பாயப் போனார். அனுஷியா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீங்க சேர்! நீங்களும் விழுந்திருவீங்க. ஜன்னல ஒடைங்க, வெளியிலருந்து!"

அவர் இரும்புக் கம்பியால் பலகையைப் பிளந்தார். அவள் வெளியே திரும்பி நெஞ்சு நிறைய மூச்செடுத்து, அடக்கிக்கொண்டு, படியில் மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்து இழுத்தாள். இரண்டாம் மூச்சில்தான் உடம்பு நகர்ந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

வீரையா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தார். இதற்கிடையில் நஸீப் அவளைக் கூப்பிட்டு, "அந்த எண்ண நூத்தித் தொண்ணூத்தாறுன்டு மாத்திடுங்களேன்" என்றார். கையால் போட்ட கணக்கோடு அந்தப் பக்கத்தை அவள் ஏற்கெனவே தொழில் அலுவலகத்தில் கொடுத்திருந்தாள். மாதக் கடைசியில் அவளுடைய வேலை போனது.

பௌர்ணமிப் போயா விடுமுறையில் நாவலப்பிட்டிக்குப் போனாள். வீரையா கதிரையில் இருந்தார். பக்கத்தில் நின்ற மகள் டிலானியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"தங்கச்சி, தாங்கி நெறஞ்சிருக்கா?"

"நெறஞ்சிருக்குண்ணே."

தேத்தண்ணி ஆறுவதற்குள் அதையே மறுபடியும் கேட்டார். அவளும் மறுபடியும் அதையே சொன்னாள்.