எறும்புத்தின்னியின் நீண்ட மூக்கு

“காலை வணக்கம், தோழர் மேஜர்!” என்று சமையலறை விளக்கை அண்ணாந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் லாசர் ஃபிஷ்கின் தேநீருக்கு வெந்நீர் வைப்பார். இத்தனை இலக்கியம் கேட்ட விளக்கு லெனின்கிராட் நகரத்திலேயே வேறு கிடையாது. சரி, லெனின்கிராட் கொஞ்சம் அதிகப்படி. எங்கள் மாடியில் கிடையாது.

விளக்குக்குள் ரகசியப் போலீஸின் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது, அதன் மறுமுனையில் ஒரு மேஜர் உட்கார்ந்திருக்கிறார் என்பது லாசரின் தீர்மானம். ஐந்து குடும்பங்களுக்கும் இந்த ஒரே சமையலறைதான். மற்ற நாங்கள் எல்லாம் விளக்குக்குப் பயந்து குசுகுசுவென்று பேசுவோம். அவர் மட்டும் குரலை உயர்த்துவார்.

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். மிருகக்காட்சி சாலையிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிக்கும் எறும்புத்தின்னியைப் பற்றி எழுதியதில்தான் வினை வந்தது.

“தோழரே, இதுக்கு மூக்கு கொஞ்சம் நீளமா இல்ல?” என்று பதிப்பாசிரியர் கேட்டாராம்.

“அது எறும்புத்தின்னிங்க.”

“எதைக் கேட்டாலும் ஏன் திருப்பிக் கேள்வியே கேட்குது?”

“வேற எப்படிங்க பதில் சொல்றது?”

லாசரைப் போலவே எறும்புத்தின்னியும் யூதன்தான் என்று முடிவுகட்டிக் கதையை நிறுத்திவிட்டார்கள். இஸ்ரேலுக்குப் போக மனுப் போட்டதும் அவருடைய பழைய புத்தகங்களும் நூலகங்களிலிருந்து மாயமாயின. இப்போது ஒரு குளியல் விடுதியில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறார். புருவம் கூடக் கறுப்பு.

இத்தனைக்கும் அவருக்கு ஒரு பிரார்த்தனைகூடத் தெரியாது. “யூத சமாச்சாரத்துல எனக்குத் தெரிஞ்சது ரெண்டு. ஒண்ணு மீன், இன்னொண்ணு பயம். ரெண்டும் எங்கம்மா கைப்பக்குவம்” என்பார்.

அச்சிட ஆளில்லை, ஊரைவிட்டுப் போனாலும் எழுதிய தாளை எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் மாலைதோறும் விளக்கடியில் நின்று அந்தக் கதையில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். மனைவி ஃபீரா முந்தாநாள் ரொட்டியை வறுத்துக்கொண்டே சொல்வாள்: “மனுஷங்ககிட்ட படியேன், லாசிக்!”

“மனுஷங்க பாதியில எழுந்து போயிடுறாங்க. இந்தாளு போக முடியுமா? டூட்டி!”

இரண்டாவது தடவையும் மனு நிராகரிக்கப்பட்ட அன்று, எறும்புத்தின்னி சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை நீட்டிய இடத்தில் வாசிப்பை நிறுத்தினார்.

“மிச்சம் ஜெருசலேம்ல. எங்களை விட்டா முடிவு தெரியும், மேஜர். இல்லேன்னா தூக்கமில்லாம கெட!”

ஃபீராவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. “பாவி, நம்மள அனுப்பத்தான் போறாங்க. இஸ்ரேலுக்கு இல்ல, சைபீரியாவுக்கு!” அதன் பிறகு வாசல்மணி அடித்த போதெல்லாம் அவள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை சைபீரியாவுக்கென்று கட்டிய மூட்டையில் திணித்தாள். வசந்தம் வருவதற்குள் லாசருக்குப் போட்டுக்கொள்ளக் காலுறை இல்லை.

வசந்தத்தில் அனுமதி வந்தது.

ஒரு மூக்கு இரும்புக் கதவைத் திறந்துவிட்டது என்று நான் ஐந்து குடும்பத்துக்கும் அறிவித்தேன். லாசர் விளக்கைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அடுத்த அடுப்பில் சின்ன மீன்களை வறுத்துக்கொண்டிருந்த பக்கத்து அறைக் கிளாவாவுக்குப் பொறுக்கவில்லை.

“மூக்காவது மண்ணாங்கட்டியாவது! வியாழக்கிழமை தவறாம அந்த விசா ஆபீசுக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினவ நான். ‘இந்த யூதக் குடும்பத்தை அனுப்பித் தொலைங்கய்யா, அந்த ரூம் எனக்கு வேணும், மருமகளோட ஒரே ரூம்ல கெடந்து சாக முடியாது’ன்னு. என் வாய்க்குப் பயந்துதான் கையெழுத்துப் போட்டாங்க.”

“அப்போ மேஜர்?” என்றார் லாசர், விளக்கை அண்ணாந்து பார்த்து.

“எந்த மேஜரு? விளக்கைக் கழட்டித் துடைக்கிறவ நான். உள்ள ரெண்டு செத்த ஈதான் இருக்கு.”

லாசர் கரி படிந்த புருவத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இத்தனை அத்தியாயங்களையும் ஒருவரும் கேட்கவில்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

“சும்மா நிக்காதய்யா. மூக்கை நீட்டிச்சு, அப்புறம்?” என்ற கிளாவா அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த மீன்களை வாணலியிலேயே விட்டுவிட்டு, முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.